ஒரு துண்டு புகையிலை, மூன்று பற்கள்

லோட்வார் ஊர் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில், எசெகோனைவிட அவனுடைய இடது கால்தான் முதலில் கண்ணில் பட்டது. விரியன் கடித்து ஏழு நாள் ஆகியும் வீக்கம் வற்றவில்லை. ஆஸ்பத்திரித் தலையணையைத் திருடித் தோலுக்குள் ஒளித்து வைத்த மாதிரி இருந்தது.

"இது காலா, இல்லே லாரி டயரா?" என்றான் லொகாலே.

"வாயை மூடிக்கிட்டு வாங்க," என்றாள் ஆஜுமா.

பதினெட்டு வருஷம் போலீஸில் சார்ஜண்டாக இருந்துவிட்டு, சல்யூட் அடித்தே தோள்பட்டை கழன்றுவிட்டது என்று சொல்லி வெளியே வந்தவள் ஆஜுமா. இப்போது லோட்வார் கடைத்தெருவில், சைக்கிள் கடைக்கு மேலே, துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். லொகாலே அவளைவிடப் பத்து வயது மூத்தவன். இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டியவன். இப்போது அவளுடைய பழைய லேண்ட்ரோவரை ஓட்டுகிறான். மீதி நேரத்தில் வாயை ஓட்டுகிறான்.

எசெகோன் தலையைத் தூக்கினான். முப்பது வயதிருக்கும். கண்ணில் தூக்கமில்லை. ஒரு கை போர்வைக்குள், இடுப்பில் எதையோ இறுகப் பிடித்திருந்தது.

"நாலு மணிக்குக் கான்ஸ்டபிள் வர்றாரு," என்றான். "கேஸ் எழுதப் பேப்பர் கொண்டு வருவாராம். அதான் உங்களைக் கூப்பிட்டேன். அதுக்குள்ளே ஏதாவது செய்யுங்கம்மா."

"முதல்லேருந்து சொல்லு," என்றாள் ஆஜுமா.

அவன் சொன்னான். பெரிய ஏரியின் மேற்குக் கரையில், ஆதி மனித எலும்புகளை ஆராயும் டாக்டர் சிமியுவின் முகாமில் அவனுக்கு எலும்பு தேடும் வேலை. ஆட்டு எலும்பு, மாட்டு எலும்பு அல்ல. கல்லாகிப் போன, கணக்கில்லாத வருஷத்து எலும்பு. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தாடை கண்ணில் பட்டது. மனிதத் தாடை. மூன்று பல் இருந்தது. முகாமின் வழக்கப்படி அவன் அதை எடுக்கவில்லை. பக்கத்தில் ஏழு கல்லை அடுக்கி அடையாளம் வைத்துவிட்டு, முகாமுக்கு வந்து மூத்த தேடலாளர் கிலோன்சோவிடம் சொன்னான். அன்று சாயங்காலம் விறகுக் குவியலில் கை வைக்கப் போய்க் காலில் கடி வாங்கினான். லாரியில் தூக்கிப் போட்டு இங்கே கொண்டு வந்தார்கள்.

டாக்டர் சிமியு அப்போது தலைநகர் நைரோபியில். நடுவில் மழை பெய்து ஆறு ஓடியதால் அவர் வெள்ளிக்கிழமைதான் வந்து சேர்ந்தார். வந்து பார்த்தால் தாடையும் இல்லை, ஏழு கல்லும் இல்லை.

"வித்துட்டேன்னு கிலோன்சோ சொல்றாரு," என்றான் எசெகோன். "வேலை போனாக்கூடப் போகட்டும்மா. திருடன்னு ஒரு தடவை எழுதிட்டாங்கன்னா இந்த ஏரிக்கரையிலே எந்த முகாமும் என்னைச் சேர்க்காது. எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். தரையைப் பார்க்கிறது."

"இடுப்பிலே என்ன?"

கை இன்னும் இறுகியது. "என்னோடது."

"உன்னோடதுன்னு தெரியுது. என்னன்னு கேட்டேன்."

"தாடை இல்லே."

"அப்ப பிரிச்சுக் காட்ட வேண்டியதுதானே?"

"நர்சு கேட்டாங்க. எங்க டாக்டர் கேட்டாரு. கான்ஸ்டபிளும் கேட்டாரு. திருடன்தான் மூட்டையைப் பிரிச்சுக் காட்டணும். நான் எதுக்குக் காட்டணும்?"

ஆஜுமா பெருமூச்சு விட்டாள். இந்தப் பிடிவாதம்தான் அவனை உள்ளே தள்ளப் போகிறது என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

லொகாலேவின் கவலை வேறு. காலையிலிருந்து வாய்க்கு ஒன்றும் போடவில்லை. ஈறு நமநமவென்றது. அந்த மூட்டைப் பக்கமிருந்து அவனுக்குத் தெரிந்த ஒரு வாசனை வேறு வந்துகொண்டிருந்தது.

"தம்பி," என்றான், "கொஞ்சம் புகையிலை இருந்தா குடேன்."

எசெகோன் அவனை முறைத்தான். பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. அந்தக் கை தானாகவே முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தது. காட்டு என்று கேட்டவர்களுக்கு மூன்று நாளாக இல்லை என்றவன்தான். ஆனால் வாய்விட்டுப் புகையிலை கேட்ட மனிதனிடம் இல்லை என்று சொல்ல, இந்தக் கரையின் துர்க்கானா இனத்தில் பிறந்த எவனுக்கும் நாக்கு வராது.

துணிக்குள் இருந்தது கறுப்பாக, கை முஷ்டி அளவு, ஒரு புகையிலைக் கட்டி. அவ்வளவுதான்.

"இதுக்கா இவ்வளவு காவல்?" என்றான் லொகாலே. எசெகோன் ஒரு ஓரத்தைக் கிள்ளிக் கொடுத்தான். அதைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டதும் லொகாலேவுக்கு உலகம் நல்ல இடமாகத் தெரிந்தது.

ஆஜுமா கட்டியைக் கையில் வாங்கித் திருப்பினாள். இப்போது கிள்ளிய இடம் ஈரமாகப் பளபளத்தது. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு மூலை ஏற்கெனவே போயிருந்தது. அந்த உடைப்பு காய்ந்து வெளுத்திருந்தது.

"நீ போடுவியா?"

"இல்லே. மாமனாருக்கு வாங்கினது."

"மாமனாருக்கு வாங்கினதிலே மூலையை உடைச்சு யாருக்குக் கொடுத்தே?"

எசெகோன் சுவரைப் பார்த்தான். "ஒரு பெரியவருக்கு."

"பேரு?"

"தெரியாது."

"கேட்டாரா?"

"கேக்கலே."

"கேக்காத பெரியவருக்கு, பேர் தெரியாத பெரியவருக்கு, மாமனார் கட்டியிலேருந்து." ஆஜுமா குனிந்தாள். "எசெகோன், அது யாரு?"

"சொன்னா எங்க டாக்டர் சிரிப்பாரும்மா," என்றான் அவன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

வெளியே வந்து வண்டியில் ஏறியதும் லொகாலே கேட்டான்: "எங்கே போகணும் சார்ஜண்ட்?"

"அந்த மூலை எங்கே போச்சோ அங்கே."

"அது இந்நேரம் எவன் வயித்துலேயாவது போயிருக்கும்."

"மெல்ல முடியாத வாயாப் பார்த்துக் கொடுத்திருக்கான்னு தோணுது," என்றாள் ஆஜுமா. "ஓட்டுங்க."

*

முகாம் என்பது ஆறு கூடாரம், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு வேல மரம். மர நிழலில் டாக்டர் சிமியு தேநீர்க் குவளையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். அந்தத் தேநீர் ஆறிப் போய் ரொம்ப நேரமாகியிருந்தது. ஒட்டடைக் கம்பு மாதிரி ஆள். அவர் பக்கத்தில் தோல் தொப்பியோடு குட்டையாக, கெட்டியாக நின்றவர் கிலோன்சோ. மச்சாகோஸ் மலைப்பக்கத்திலிருந்து வந்த கம்பா இனத்துக்காரர். இருபத்திரண்டு வருஷமாக இதே கரையில் எலும்பு தேடுகிறார்.

"கிலோன்சோ கண்ணுக்குத் தப்பினது இந்தக் கரையிலே எதுவும் கிடையாது," என்றார் டாக்டர்.

"இருபத்திரண்டு வருஷமா தலையைக் குனிஞ்சே நடக்கிறேன்," என்றார் கிலோன்சோ. "ஊருக்குப் போனா பொண்டாட்டியைச் செருப்பை வச்சுத்தான் அடையாளம் கண்டுபிடிக்கிறேன். திங்கக்கிழமை போய்த் தேடினேன். மழைக்கு முன்னாடி, செவ்வாய்க்கிழமை போனேன். சனிக்கிழமை டாக்டரோட போனேன். தாடையும் இல்லே, ஏழு கல்லும் இல்லே. இல்லாததை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"ஒரு துண்டு எலும்புதானே டாக்டர்," என்றான் லொகாலே. "இந்த ஏரியைச் சுத்தி எத்தனையோ கிடைச்சிருக்குன்னு ரேடியோவிலே சொன்னாங்களே."

டாக்டர் குவளையைக் கீழே வைத்தார். மூன்று நாளாக யாராவது இதைக் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர் போலிருந்தது.

"எரிமலை வெடிக்கும்போது சாம்பல் விழும். அது மண்ணிலே ஒரு கோடா நிக்கும். எந்தச் சாம்பல் எப்போ விழுந்ததுன்னு எங்களால சொல்ல முடியும். அதுதான் எங்களுக்கு நாள்காட்டி. நகோரெட் ஆத்தங்கரையிலே ரெண்டு சாம்பல் கோடு இருக்கு. அதுக்கு மேலேயும் மனுஷங்க எலும்பு கிடைச்சிருக்கு, கீழேயும் கிடைச்சிருக்கு. நடுவிலே, ரெண்டரை லட்சம் வருஷத்துக்கு, ஒரு பல்லு கூடக் கிடைச்சதில்லே. அப்போ இங்கே நடமாடினவங்க யாரு? நம்ம பாட்டன் பாட்டிங்களா, இல்லே வழி மாறிப் போன பங்காளிங்களா? யாருக்கும் தெரியாது. எசெகோன் சொன்ன இடம் அந்த நடுவிலேதான்."

"அப்ப எலும்பை மட்டும் எவன்கிட்டேயாவது மீட்டுட்டா..."

"இடம் தெரியாத எலும்பு விலாசம் கிழிஞ்ச கடுதாசி," என்றார் டாக்டர். "எனக்கு அது கிடந்த இடத்திலேயே வேணும்."

ஆஜுமா எழுந்தாள். "வாங்க, அந்த இடத்தைப் பார்ப்போம்."

*

நகோரெட் ஆற்றில் தண்ணீர் இல்லை. மழையில் மூன்று நாள் ஓடிவிட்டு மறுபடி மணலாகிவிட்டது. இடது கரையில் சரிவு. சரிவின் நடுவில், தண்ணீருக்குப் போகும் பெண்கள் நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடித் தடம். தடத்துக்குச் சற்று மேலே, வெள்ளையாக ஒரு சாம்பல் கோடு, யாரோ சுண்ணாம்பால் இழுத்துவிட்டது போல ஓடியது.

நான்கு பேரும் வரிசையாக நடந்தார்கள். முன்னால் கிலோன்சோ, பிறகு டாக்டர், ஆஜுமா, கடைசியில் மூச்சிரைக்க லொகாலே. மழை சரிவு முழுக்கக் கீறி வைத்திருந்தது. ஒவ்வொரு பத்தடிக்கும் ஒரு வாய்க்கால்.

"இங்கேதான் தேடினேன்," என்று கிலோன்சோ கையை வீசினார். "இந்தக் கோட்டிலேருந்து அந்தக் கிளைப்பனை வரைக்கும். ஒரு சாண் விடலே."

தடத்தின் மேல்புறத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கற்குவியல் இருந்தது. கிலோன்சோ நடந்தபடியே குனிந்து, ஒரு கல்லை எடுத்து அதன் மேல் வைத்துவிட்டுப் போனார். டாக்டர் மரியாதையாக ஒதுங்கி நடந்தார். லொகாலேவும் ஒரு கல்லைத் தேடி எடுத்து வைத்தான். அதை அவன் நினைத்துச் செய்யவில்லை. கொசுவை விரட்டுகிற மாதிரி கை தானாகச் செய்தது.

ஆஜுமா நின்றுவிட்டாள்.

"லொகாலே, எதுக்குக் கல்லு வச்சீங்க?"

"கல்லறை சார்ஜண்ட். வைக்காம போனா உள்ளே இருக்கிறவர் என்ன நினைப்பாரு?"

"உள்ளே யாரு?"

"நான் என்ன எட்டியா பார்த்தேன்?"

"கிலோன்சோ ஐயா, உங்களுக்குத் தெரியுமா?"

கிலோன்சோ தொப்பியைச் சரிசெய்தார். "எனக்கு எப்படித் தெரியும்? நான் இந்த ஊர்க்காரனா? ஆனா வழக்கம் தெரியும். முகாமிலே முதல் சட்டமே அதுதான். கல்லறைப் பக்கம் கையைக் கொண்டு போகக் கூடாது. நானே எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கேன்."

ஆஜுமா குவியலைச் சுற்றி வந்தாள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல், கடையில் விலை கேட்கப் பயப்படுகிறவள் மாதிரி பார்த்தாள்.

"இந்தப் பக்கத்துக் கல்லையெல்லாம் பாருங்க. வெயிலைப் பார்த்த முதுகு கறுத்திருக்கும். மண்ணைப் பார்த்த வயிறு வெளுத்திருக்கும். ஆனா இந்தக் குவியல்லே பாதிக் கல்லு வயித்தைக் காட்டிட்டுப் படுத்திருக்கு."

"குளிர் காயுது போலிருக்கு," என்றான் லொகாலே.

அவள் சிரிக்கவில்லை. கீழே ஆற்று மணலில் பேச்சுச் சத்தம் கேட்டது. பெண்கள் குழி தோண்டித் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்கள்.

"வாங்க," என்றாள் ஆஜுமா. "தாகமா இருக்கு."

*

குழி ஓர் ஆள் ஆழம். உள்ளே நின்று மரக்குவளையில் மொண்டு மேலே நீட்டிக்கொண்டிருந்தவள் பெயர் நாபெயோ. தோளிலிருந்து தாடை வரைக்கும் மணிச்சரம். அதனால் தலையைத் திருப்ப வேண்டுமென்றால் முழு உடம்பையும் திருப்பினாள். மேலே பத்துப் பன்னிரண்டு பெண்கள் மஞ்சள் கேன்களோடு காத்திருந்தார்கள்.

லொகாலேவைக் கண்டதும் நாபெயோ சொன்னாள்: "இந்தத் தொந்தி நிறைய ஊத்தினா குழி வத்திடும். நீ ஏரிக்குப் போயிடு."

"தொந்தி இல்லே தாயி, சேமிப்பு," என்றான் லொகாலே. பெண்கள் சிரித்தார்கள்.

ஆஜுமா இரண்டு குவளை குடித்துவிட்டு வாயைத் துடைத்தாள். "மேலே தடத்துப் பக்கத்திலே இருக்கே, அந்தக் கல்லறை யாரோடது?"

"லொமுரியாவோட சித்தப்பா," என்றாள் ஒருத்தி உடனே.

"அடி போடி. அவரை ஏரிப் பக்கம் இல்லே வச்சாங்க?" என்றாள் இன்னொருத்தி. "இது அந்தக் கிணறு வெட்ட வந்த ஆளு."

"கிணறு வெட்ட வந்தவன் உயிரோட இருக்கான். எங்க வீட்டுலே போன வாரம் கஞ்சி குடிச்சான்," என்றாள் மூன்றாமவள். "இது யாரோ கிழவி. என் மாமியார் சொன்னா."

"உங்க மாமியாருக்கு யார் சொன்னாங்க?"

"நான்தான் சொன்னேன்," என்று இரண்டாமவள் ஒப்புக்கொண்டாள். "யாரோ கிழவியா இருக்கும்னு சொன்னேன்."

லொகாலே விரலை மடக்கினான். ஒரு சித்தப்பா, உயிரோடு இருக்கும் ஒரு கிணறுவெட்டி, ஒரு கிழவி. உள்ளே நெருக்கடியாகத்தான் இருக்கும்.

"நீங்க சொல்லுங்க," என்றாள் ஆஜுமா நாபெயோவிடம்.

"எனக்குப் பேரு தெரியாது. நான் பார்த்தப்போ கல்லு இருந்துச்சு. கல்லு மேலே ஒரு துண்டு புகையிலை இருந்துச்சு. சும்மா கிடக்கிற கல்லுக்கு யாராவது புகையிலை வைப்பாங்களா? யாரோ பெரியவங்கன்னு நானும் ஒரு கல்லு வச்சேன். எனக்குப் பின்னாடி வந்தவங்க எல்லாரும் வச்சாங்க." அவள் குழியிலிருந்து மேலே ஏறினாள். முழு உடம்பையும் ஆஜுமா பக்கம் திருப்பினாள். "எதுக்குக் கேக்கறே? கல்லறையிலே கை வைக்கப் போறியா?"

ஆஜுமா சரிவில் ஏற ஆரம்பித்தாள். நாபெயோ கேனைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தாள். அவளுக்குப் பின்னால் பன்னிரண்டு பெண்களும் வந்தார்கள். லொகாலே திரும்பிப் பார்த்தான். லாரி வாழ்க்கையில் இரண்டு தடவை ஊர் கூடி அவனைத் துரத்தியிருக்கிறது. இரண்டு தடவையும் ஆரம்பம் இப்படித்தான் இருந்தது.

"சார்ஜண்ட்," என்று கிசுகிசுத்தான், "தப்பா இருந்தா நம்மளையும் இதுக்குள்ளேயே வச்சு மூடிடுவாங்க."

"தெரியும்."

"டாக்டரோட முகாமையும் சேர்த்துத் துரத்திடுவாங்க."

"அதுவும் தெரியும். மணி என்ன?"

"பதினொண்ணரை."

"எசெகோனுக்கு இன்னும் நாலரை மணி நேரம் இருக்கு," என்றாள்.

*

குவியலுக்கு அந்தப் பக்கம் டாக்டரும் கிலோன்சோவும். இந்தப் பக்கம் பெண்கள். நடுவில் ஆஜுமா.

"கிலோன்சோ ஐயா, நீங்க மூணு நாள் இந்த வழியா வந்தீங்க. மூணு நாளும் இதைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். மூணு நாளும் கல்லு வச்சேன். என்னை மரியாதை தெரியாதவன்னு நினைச்சீங்களா?"

"நினைக்கலே. திங்கக்கிழமை கல்லு வைக்கும்போது எவ்வளவு குனிஞ்சீங்க?"

"இது என்ன கேள்வி?"

"சொல்லுங்களேன். உங்க கண்ணுக்குத் தப்பாதாமே."

கிலோன்சோவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நல்லாத்தான் குனிஞ்சேன். கணுக்கால் உயரம் இருந்துச்சு."

"செவ்வாய்க்கிழமை?"

"கெண்டைக்கால் பாதி வரைக்கும்."

"சனிக்கிழமை?"

"முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. இன்னிக்கு..." கிலோன்சோ குவியலைப் பார்த்தார். பிறகு தன் முழங்காலைப் பார்த்தார். "இன்னிக்கு..."

ஆற்று மணலில் ஒரு கேன் காற்றில் உருண்டது.

"செத்தவங்க வளருவாங்களா ஐயா?" என்று கேட்டாள் ஆஜுமா மெதுவாக.

கிலோன்சோ தொப்பியைக் கழற்றினார்.

"ஞாயித்துக்கிழமை எசெகோன் இங்கே ஒரு வாயைப் பார்த்தான்," என்றாள் ஆஜுமா. "தாடைன்னு உங்களுக்கு. அவனுக்கு அது வாய். ஒரு பெரியவரோட வாய், மூணு பல்லோட. பெரியவரைப் பார்த்துட்டு வெறும் கையோட எப்படிப் போறது? மாமனாருக்கு வாங்கின கட்டியிலே ஒரு மூலையை உடைச்சு, அடையாளத்துக்கு வச்ச ஏழு கல்லு மேலேயே வச்சுட்டான். எலும்பு பக்கத்திலே எதையும் வைக்கக் கூடாதுன்னு முகாம்லே சட்டம். அதான் ஆஸ்பத்திரியிலே வாயைத் திறக்கலே. திங்கக்கிழமை காலையிலே நாபெயோம்மா வந்தாங்க. கல்லையும் புகையிலையையும் பார்த்தா இந்த ஊர்லே அதுக்கு ஒரே அர்த்தம்தான். அவங்க ஒரு கல்லு. பின்னாடி வந்தவங்க ஆளுக்கு ஒரு கல்லு. நீங்க மூணு. இன்னிக்கு உங்களோடது இன்னொண்ணு, லொகாலேவோடது ஒண்ணு. தாடையை யாரும் எடுக்கலே. எல்லாருமாச் சேர்ந்து மரியாதையா மூடி வச்சிருக்கீங்க."

டாக்டர் சிமியு ஓரடி முன்னால் வந்தார். அவர் முன்னால் நாபெயோ நின்றாள்.

"கதை நல்லாத்தான் இருக்கு," என்றாள் அவள். "கதையை நம்பி நான் கல்லைக் கலைக்க விடமாட்டேன். உள்ளே நிஜமாவே ஆள் இருந்தா?"

லொகாலே ஆஜுமாவைப் பார்த்தான். இந்த இடத்தில் அவளிடம் ஏதாவது துருப்புச் சீட்டு இருக்கும் என்று எதிர்பார்த்தான். அவள் முகத்தில் வியர்வைதான் இருந்தது.

"அம்மா," என்றாள் ஆஜுமா, "நான் ஒரு கல்லைக்கூடத் தொட மாட்டேன். டாக்டரும் தொட மாட்டாரு. நீங்க வச்ச கல்லை நீங்க எடுங்க. அவங்கவங்க வச்சதை அவங்கவங்க எடுக்கட்டும். எல்லாரும் எடுத்த பிறகு, எசெகோனோட ஏழு கல்லைத் தவிர யாரும் வைக்காத ஒரு கல்லு மிச்சமிருந்தா, அது கல்லறை. நானே மறுபடி எல்லாத்தையும் அடுக்கிட்டு, உங்க கால்லே விழுந்துட்டுப் போறேன்."

நாபெயோ யோசித்தாள். மணிச்சரம் மூச்சோடு ஏறி இறங்கியது.

"என்னோடது சிவப்புக் கல்லு," என்றாள் கடைசியில். "ஒருத்தரும் அதைத் தொடாதீங்க."

அடுத்த ஒரு மணி நேரம் லொகாலே தன் வாழ்க்கையில் பார்த்த சண்டைகளிலேயே நல்ல சண்டை நடந்தது. இது என் கல்லு, அது உன் கல்லு, நீ வச்சது இவ்வளவு பெருசா, கஞ்சப்பிசினாரி, உன் கல்லைப் பாரு ஆட்டுப் புழுக்கை மாதிரி. வராதவர்களுக்கு ஆள் போனது. அவர்கள் இடுப்பில் குழந்தையோடு வந்து, தங்கள் கல்லை அடையாளம் சொல்லி எடுத்துக்கொண்டு போனார்கள். மச்சினியின் கல்லை நாத்தனார் எடுத்தாள். கிலோன்சோ தன் நான்கு கல்லையும் ஒரு நொடி தயங்காமல் பொறுக்கினார். கல்லை மறக்கிற ஆள் இல்லை அவர். லொகாலே ஒரு கல்லை எடுத்தான். அது தன்னுடையதுதானா என்று அவனுக்கு நிச்சயமில்லை. அதை வெளியில் சொல்லவில்லை.

குவியல் முழங்காலிலிருந்து கெண்டைக்காலுக்கு இறங்கியது. அங்கிருந்து கணுக்காலுக்கு.

நாபெயோவின் சிவப்புக் கல் கடைசியில் வந்தது. அதை அவள் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு விலகினாள்.

கீழே ஏழு கல். அதில் ஒரு தட்டைக் கல்லின் மேல், நசுங்கி, மழையில் ஊறிக் காய்ந்த ஒரு துண்டு புகையிலை. ஏழு கல்லுக்குப் பக்கத்தில், சாம்பல் மண்ணில் பாதி புதைந்து, கட்டைவிரல் நீளத்துக்குப் பழுப்பாக ஒரு தாடை. மூன்று பல்லும் நனைந்த கூழாங்கல் போல் மின்னின.

டாக்டர் முழங்காலிட்டு உட்கார்ந்தார். லொகாலே தன் தண்ணீர்ப் புட்டியை நீட்டினான்.

"இந்த ரெண்டு பக்கமும் பாருங்க," என்றார் டாக்டர் ஒருவழியாக. தாடைக்கு இடப்புறம் மழை கீறிய வாய்க்கால். வலப்புறம் இன்னொன்று. இரண்டும் குவியல் இருந்த இடத்தின் ஓரம் வரை வந்து, முட்டி, வளைந்து போயிருந்தன. "இந்தக் கல்லெல்லாம் இல்லேன்னா புதன்கிழமையே இது ஏரிக்குப் போயிருக்கும்."

கிலோன்சோ கையில் நான்கு கல்லையும் பிடித்தபடி நின்றார்.

நாபெயோ எட்டிப் பார்த்தாள். "இவ்வளவுதானா ஆளு? யாரு இது?"

"ரொம்பச் சின்னத் தாடை," என்றார் டாக்டர். "பெண்ணா இருக்கலாம். ஆனா உறுதியாச் சொல்ல இன்னும் நிறையப் பார்க்கணும்."

"இதுலே பார்க்க என்ன இருக்கு?" என்றாள் நாபெயோ. "இந்தத் தடத்திலே ஆம்பளை எதுக்கு வரப் போறான்? தண்ணிக்கு வந்திருப்பா."

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

அவர் தோல் பையிலிருந்து ஒரு பெரிய புகைப்படத்தை எடுத்தார். விமானத்திலிருந்து எடுத்தது. மலை, ஆறு, தடம் எல்லாம் சாம்பல் நிறத்தில் நூல் நூலாகத் தெரிந்தன. கூடவே ஓர் ஊசி. எலும்பு கிடைத்த இடத்தைப் படத்தில் குத்தி, பின்பக்கம் எண்ணும் கண்டெடுத்தவர் பெயரும் எழுதுவது வழக்கம். டாக்டர் ஊசியை உயர்த்தினார்.

"நிறுத்துங்க டாக்டர்," என்றார் கிலோன்சோ. "அதை என்கிட்டே குடுங்க."

*

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவர்கள் வார்டுக்குள் நுழைந்தார்கள். கான்ஸ்டபிள் முன்கூட்டியே வந்துவிட்டார். ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் பலகை, பலகையில் தாள், பேனா திறந்தபடி. அவர் எதிரே எசெகோன் சுவரோடு சாய்ந்திருந்தான். முகாம் ஆட்களைக் கண்டதும் அவன் முகம் இன்னும் சுருங்கியது.

"எந்த இடம்னு கேட்டா ஆறு, தடம், சாம்பல்னு சொல்றான்," என்றார் கான்ஸ்டபிள். "இதை வச்சு நான் என்ன எழுதறது?"

கிலோன்சோ கட்டிலருகே போய் நின்றார். வரும் வழியெல்லாம் அவர் உதடு அசைந்துகொண்டே வந்ததை லொகாலே வண்டிக் கண்ணாடியில் பார்த்திருந்தான். ஏதோ ஒத்திகை. படத்தைப் போர்வை மேல் வைத்தார். ஊசியை நீட்டினார்.

"குத்து," என்றார்.

எசெகோன் அவரைப் பார்த்தான். ஆஜுமாவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. படத்தைக் கையில் எடுத்து, ஆறு ஓடும் திசைக்கு ஒரு தடவை திருப்பினான். ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. குத்தினான்.

கிலோன்சோ படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலையே," என்றார் கான்ஸ்டபிள்.

லொகாலே ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். சாம்பல் நிற மலைகளுக்கு நடுவில், தண்ணீருக்குப் போகும் அந்த மெல்லிய தடத்துக்கு ஒரு மயிரிழை மேலே, வெயில் ஒரு புள்ளியாக நுழைந்தது.

"அதேதான்," என்றார் கிலோன்சோ. "தாடை அங்கேதான் இருக்கு. நான்தான் நாலு கல்லைப் போட்டு மூடிட்டேன்."

அவர் படத்தைத் திருப்பிப் போர்வை மேல் வைத்தார். கான்ஸ்டபிளின் கையிலிருந்த பேனாவை, கேட்காமலே உருவி, எசெகோனிடம் கொடுத்தார்.

"பின்னாலே பேரு எழுதணும்," என்றார். "உன் பேரை நீயே எழுது. நிதானமா, பெருசா எழுது."